சுக்கு கால் கொடுக்கும்வரை

ஜூன் 9, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். நாய் இன்றைக்கு எதுவரை தொடவிட்டது, எந்த இடத்தில் காலை இழுத்துக்கொண்டது, என்ன கொடுத்தபோது சாப்பிட்டது, எல்லாவற்றையும் தினமும் குறித்துக்கொண்டு வர வேண்டுமாம். புது வருடத்துக்கு நான் வேலை பார்க்கிற மஞ்சள் குடோனில் கொடுத்த டைரி ஒன்று மேல் தட்டில் கிடந்தது. முன்பக்கங்கள் எல்லாம் வெறுமை. அவற்றைத் தள்ளிவிட்டு இங்கே தொடங்குகிறேன்.

நாயின் பெயர் சுக்கு. பெண் நாய். ஆறு வயது. காய்ந்த சுக்கின் நிறத்தில் இருப்பதால் சிபி வைத்த பெயர். சிபி என் மகன். குட்டியாகச் சாக்கடையோரம் கிடந்ததைக் காலேஜ் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். நான் அதிகம் தொட்டதில்லை. வீட்டில் ஒரு நாய் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அதன் முன்னங்கால்களில், உட்புறமாக, தரையில் படாமல் மேலே இருக்கிற கட்டைவிரல் நகம் வளைந்து வளர்ந்து சதையை நோக்கிப் போகிறது. இடது காலில் அதிகம். நடக்கும்போது கொஞ்சம் தூக்கி வைக்கிறது. நேற்றுத்தான் கவனித்தேன். எத்தனை நாளாக அப்படி நடக்கிறதோ தெரியாது.

டாக்டர் நஸ்ரின் என்று பெருந்துறை ரோட்டில் புதிதாக வந்திருக்கிறார். சின்ன வயதுதான். மேஜைமேல் ஏற்றி முன்னங்காலைத் தூக்கப் போனதும் சுக்கு அலறியது. அது நாய்க் குரல் மாதிரியே இல்லை. வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மேஜைமேலேயே மூத்திரம் போய்விட்டது. டாக்டர் உடனே கையை எடுத்துவிட்டார்.

"முன்னால யார் சார் நகம் வெட்டுவாங்க?"

"பையனுங்க."

"அவரையே கூட்டிட்டு வாங்களேன். அவர் கைக்குப் பழகியிருக்கும்."

"அவன் வெளியூர்ல இருக்கானுங்க."

நெஞ்சில் கருவியை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இதயத்தில் ஏதோ இரைச்சல் இருக்கிறதாம். மயக்க மருந்து கொடுத்து வெட்டுவது அவருக்கு இஷ்டமில்லை. முடிந்தவரை பழக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, தொடாமல், குனிந்து நகங்களைப் பார்த்தார்.

"இந்த நகமெல்லாம் கோணலா இருக்கு சார். வேரோட பிஞ்சு திரும்ப வளர்ந்த மாதிரி. எங்கயாவது அடிபட்டுச்சா?"

தெரியவில்லை என்று சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

முதல் பாடம்: தொடக்கூடாது. நகவெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் கோழி ஈரல் துண்டு வைக்க வேண்டும். நாய் வந்து தின்றால் போதும்.

நகவெட்டியைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டது. போய்ப் படுத்த இடம் வழக்கமான இடம்தான், சிபியின் அறைக் கதவுக்கு வெளியே. ஈரலை எறும்பு தின்றது.

என் மனைவி வசந்தாமணி கூடத்தைக் கடந்து போனாள். நகவெட்டி, நான், நாய், மூன்றையும் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் நாய்த் தட்டில் சோறு போடுவதும் நான்தான்.

ஜூன் 12, வியாழன்

குடோனில் இருநூறு மூட்டை விரலி மஞ்சள் வந்திறங்கியது. பூச்சி மருந்து அடிக்கிறவன் வரவில்லை. கரூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், போன வருடம் பார்த்தவர், "பையன் எப்படி இருக்காப்ல? பெங்களூர்தானே?" என்று கேட்டார். மாரடைப்பு என்று சொன்னேன். "இந்த வயசுலயா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். இப்போதெல்லாம் சின்ன வயதிலேயே வருகிறது என்று நானே அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சுக்கு: நகவெட்டிக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்த ஈரலைத் தின்றது. கழுத்தை மட்டும் நீட்டி, கால்களைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு.

ஜூன் 15, ஞாயிறு

தோளைத் தொடலாம். முழங்கைவரை தடவலாம். அதற்குக் கீழே போனால் காலை இழுக்கிறது. இழுத்தால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும், பிடித்து நிறுத்தக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. "வேண்டாம்னு அது சொன்னா இவர் கேப்பார்னு அதுக்குத் தெரியணும் சார். அது தெரிஞ்சாத்தான் கால் கொடுக்கும்."

மத்தியானம் வசந்தாவின் அண்ணன் தங்கமுத்து காங்கேயத்திலிருந்து வந்தார். தோட்டத்துத் தேங்காய் ஒரு சாக்கு கொண்டுவந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து நாயின் தோளைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, இத்தனை நாளு நாய்ப் பக்கமே போமாட்டீங்க. இப்ப வைத்தியம் பாக்கறீங்களா?"

நகத்தைக் காட்டினேன்.

"இதுக்கா இத்தனை பாடு? நாலு பேரு அமுக்கிப் புடிச்சா அஞ்சு நிமிஷம். தோட்டத்துல விட்டா மண்ணுல ஓடி ஓடி மத்த நகமெல்லாம் தானாத் தேயும். ஆடி பொறக்கறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடறேன்." உள்பக்கம் திரும்பி, "ஏம் அம்மிணி, நீதான சொன்னே?" என்றார்.

வசந்தா சமையலறையிலிருந்தே, "ஆமாங்கண்ணா, கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள்.

அவள் அண்ணனிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது.

போகும்போது சிபியின் அறைக் கதவையும் பார்த்தார். கீழ்ப்பாதியில் பெயிண்ட் போய் மரம் தெரிகிறது. "இதையும் மாத்திப்போடுங்க மாப்ள. ஆசாரிய நான் அனுப்பறேன்" என்றார். மழைக்காலம் முடியட்டும் என்றேன். மழைக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை.

ஜூன் 18, புதன்

நகவெட்டியின் சத்தத்துக்குப் பழக்க வேண்டும். அதற்கு டாக்டர் சொன்ன வழி: வறுக்காத சேமியாவை நகவெட்டியால் ஒவ்வொன்றாக நறுக்க வேண்டும். 'டக்' என்று சத்தம் வந்ததும் ஒரு துண்டு ஈரல்.

முதல் சத்தத்துக்கு எழுந்து ஓடியது. பிறகு தலையை மட்டும் தூக்கியது. சாயங்காலம் முடிவதற்குள் சத்தம் கேட்டதும் என் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது. எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் வந்தது என்று தெரியவில்லை. "வசந்தா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் வரவில்லை. கூடத்துத் தரையெல்லாம் சேமியா. பெருக்கினேன்.

மாடியில் குடியிருக்கும் புஷ்பலதா இறங்கி வந்தார். ஜவுளிக் கடையில் வேலை செய்கிற பெண். தனியாக இருக்கிறார். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னார். வாடகை அதிகமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்கண்ணா. எனக்கு இங்க இருக்க முடியலைங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்குதுங்க. நான் அன்னிக்கே கீழ எறங்கி வந்திருந்தா..."

எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னேன். அவர் அழுதுகொண்டே படியேறிப் போனார்.

ஜூன் 22, ஞாயிறு

பாதத்தின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு எடுத்தேன். இழுக்கவில்லை. உள்ளங்கால் சூடாக இருந்தது. அப்பளம் பொரித்த வாசனை போல ஒரு வாசனை அதற்கு. சிபி இதைச் சொல்வான். அந்தக் காலை முகத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா, அப்பளம்" என்பான். வசந்தா திட்டுவாள்.

நாய்க்குச் சம்பந்தமில்லாதது. எழுதியிருக்க வேண்டாம்.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டரிடம் போனேன், நாய் இல்லாமல். இதுவரை எழுதியதில் நாய் பற்றியதை மட்டும் வாசித்துக் காட்டினேன். நல்ல முன்னேற்றம் என்றார். இன்னொரு வழியும் சொன்னார். ஒரு பலகையில் உப்புத்தாள் ஒட்டி, சாய்த்து வைத்து, நாயையே அதைப் பிறாண்டப் பழக்கலாமாம். பலகைக்கு அடியில் தின்பண்டத்தை ஒளித்து வைத்தால் காலால் பிறாண்டும். நகம் தானாகத் தேயும், நாம் தொடவே வேண்டாம். கட்டைவிரல் நகத்துக்கு உதவாது, ஆனால் மற்ற நகங்களுக்கு நல்லது.

பிறாண்டும் பழக்கம் இதற்கு உண்டா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த நாய் வந்துவிட்டது.

வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கினேன்.

ஜூன் 27, வெள்ளி

பலகை செய்தேன். பழைய கட்டிலின் ஒரு துண்டு, மேலே உப்புத்தாள். கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்து, கீழே ஈரலை வைத்தேன்.

சுக்கு மோந்து பார்த்தது. ஒரு காலால் ஒரு தடவை பிறாண்டியது. நான் "சபாஷ்" என்று சொல்லி ஈரலை எடுத்துக் கொடுத்தேன். அது தின்னவில்லை. இன்னொரு தடவை பிறாண்டியது. பிறகு இரண்டு காலாலும். பிறகு நிறுத்தவே இல்லை. ஈரல் அதன் மூக்குக்குக் கீழேயே கிடந்தது. அதைப் பார்க்கவும் இல்லை. வாயிலிருந்து மெல்லிசாக ஒரு முனகல். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பலகையை எடுக்கப் போனால் அதன்மேலேயே ஏறிப் பிறாண்டியது. உப்புத்தாளில் சிவப்பாகக் கோடு விழுந்தது.

வசந்தா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். கையில் கரண்டி. "நிறுத்துங்க! ஐயோ, அதை நிறுத்துங்க!" என்று கத்தினாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டு ஆறு மாதம் இருக்கும். பலகையைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். அது படியில் விழுந்து பிளந்தது. சுக்கு எழுந்து போய் அந்தக் கதவோரம் படுத்து, ரத்தம் வந்த காலை நக்க ஆரம்பித்தது. மஞ்சள்தூளை அள்ளிக்கொண்டு போனேன். கிட்டே விடவில்லை.

வசந்தா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதே சத்தந்தானுங்க. இதே சத்தத்தைத்தான் நான் போன்ல கேட்டேன்."

அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் அவள் போன் பேசியதை நான் பார்த்தேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. பெங்களூர் ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த சிபி போனை எடுக்கவில்லை என்று மாடிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. இன்று அவளே சொன்னாள்.

"புஷ்பா சொன்னா, நாயி கதவப் பிறாண்டிக்கிட்டே கெடக்குதுங்கக்கா, எறங்கிப் போய் எழுப்பட்டுங்களான்னு. போனை மாடிக் கைப்புடிச் சொவத்துக்கு வெளிய நீட்டி எனக்குக் கேக்க வெச்சா. நாஞ் சிரிச்சனுங்க. 'நைட்டெல்லாம் வேலை பாத்திருப்பான், தூங்கட்டும் விடு. நாயி அப்படித்தான் பண்டும்'னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னனுங்க. அது எங்ககிட்டத்தான் கத்தியிருக்குது. எனக்குத்தான் புரியல."

அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை வந்தது. போய் அணைத்தேன்.

ஜூன் 28, சனி

நாய் சாப்பிடவில்லை. வசந்தாவும்.

ஜூலை 2, புதன்

எல்லாம் முதலிலிருந்து. தோளைத் தொட்டாலே எழுந்து போகிறது. இடது கட்டைவிரல் நகம் சதையைத் தொட்டுவிட்டது. சுற்றிலும் சிவந்திருக்கிறது.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போக இருந்தேன். வசந்தா சேலை மாற்றிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். நாய் நடுவில். இருவரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு போனோம்.

டாக்டர் பலகை விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிறாண்டறது அதுக்கு வேற ஏதோ ஞாபகம் சார். எதையோ சொல்லாம விடறீங்க. உங்க பையனுக்கு ஒரு வீடியோ கால் போடுங்க, நான் கேக்கறேன்."

"அவன் வந்துங்க..." என்று ஆரம்பித்தேன்.

"எம் பையன் செத்துட்டானுங்க" என்றாள் வசந்தா. "தை மாசம். அவனே முடிச்சுக்கிட்டான். இதை வெளிய விட்டுப்போட்டு, தண்ணியும் சோறும் வெச்சுப்போட்டு, கதவச் சாத்திக்கிட்டான். மறுநா பொழுது சாயத்தான் நாங்க வந்தோம். அதுவரைக்கும் இது பிறாண்டிக்கிட்டே இருந்துச்சு. நகம் பூரா பிஞ்சு ரத்தமாக் கெடந்துச்சு."

நான் மருந்து அலமாரியில் இருந்த டப்பாக்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். பிறகு வசந்தாவிடம், "அப்ப யாரும்மா இதுக்குக் கட்டுப் போட்டது?" என்று கேட்டார்.

"அன்னிக்கு யாரு இதப் பாத்தாங்க?"

களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். இரண்டு வாரம் தவணை. அதற்குள் வெட்டமுடியாவிட்டால் நகம் உள்ளே இறங்கிச் சீழ் பிடிக்கும், அப்போது மயக்கம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், இதயம் தாங்குமா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் வசந்தா கேட்டாள். "வெளியூர்னு சொன்னீங்களா?"

"ம்."

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றீங்களா?"

"சிலபேர்கிட்ட மாரடைப்புன்னு."

அவள் மறுபடியும் வெளியே திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

அவசரப்பட்டேன். நான்கு நாளாகத் தோளுக்குக் கீழே போக முடியவில்லை. நகம் கண்முன்னால் வளர்கிற மாதிரி இருக்கிறது. நாய் தூங்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகப் போய் இடது காலைப் பிடித்து நகவெட்டியை வைத்துவிட்டேன். ஒரு 'டக்'தானே என்று நினைத்தேன். கண் விழித்தது, இழுத்தது, நான் விடவில்லை. என் வலது கையைக் கடித்துவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆழமாக.

வசந்தா என் கையைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டு, தண்ணீர் ஓட விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். தையல் போடக்கூடாதாம், கட்டு மட்டும்.

வீட்டுக்கு வந்தால் நாயைக் காணவில்லை. தேடினோம். எங்கள் கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் இன்னும் உள்ளே போனது. வசந்தா முட்டிபோட்டுக் குனிந்து பார்த்தாள்.

"உங்களைக் கடிச்சுப்போட்டு அது என்ன பாடுபடுது பாருங்க."

தயிர்ச் சோறு பிசைந்து கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அங்கேயே தரையில் படுத்துக்கொண்டாள். நான் வெளியே வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தட்டு நக்குகிற சத்தம் கேட்டது.

இனிமேல் நான் பிடிக்க மாட்டேன். எவ்வளவு நாள் ஆனாலும் சரி.

ஜூலை 9, புதன்

என் கை வீங்கியிருக்கிறது. எழுத வரவில்லை. வசந்தாதான் தொடுகிறாள். பாதம்வரை விட்டது.

ஜூலை 13, ஞாயிறு

தங்கமுத்து வந்தார். மினி லாரி, கூட இரண்டு ஆட்கள். ஒருவன் கையில் கயிறு, இன்னொருவன் கையில் சணல் சாக்கு.

என் கைக்கட்டைப் பார்த்ததும் அவருக்குக் கோபம். "கடிக்கற நாயை வீட்டுக்குள்ள வெச்சுட்டிருக்கீங்களா? நல்லதுக்குச் சொன்னா கேக்கறதில்ல மாப்ள."

சாக்கைப் பார்த்த உடனே சுக்குவின் கால்கள் மடங்கின. நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. டாக்டரின் மேஜையில் விட்டதைப் போலவே. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மச்சான், அன்னிக்கு நகம் பிஞ்சு தொங்கினப்ப யாரு பாத்தது?"

"யாரு பாப்பாங்க? நாந்தான். எல்லாரும் காரியத்துல இருந்தீங்க. நாயி பொழுதுக்கும் கத்திட்டே இருந்துச்சு. சாக்கைப் போட்டு அமுக்கிப் புடிச்சுக் குறடால புடுங்கி விட்டேன். இல்லீன்னா சீழ் புடிச்சுச் செத்திருக்கும்."

அவரைத் தப்பு சொல்ல முடியாது. அந்த வீட்டில் அன்றைக்கு நாயைப் பற்றி நினைத்த ஒரே ஆள் அவர்தான். அந்தக் கத்தலை நானும் கேட்டேன். ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு, கையில் எள்ளும் தண்ணியுமாக உட்கார்ந்திருந்தேன்.

ஆட்கள் இரண்டு பேரும் நாயைச் சுற்றிக்கொண்டார்கள். வசந்தா நடுவில் போய் நின்றாள்.

"அண்ணா, அது இங்கயே இருக்கட்டுங்க."

"நீதான அம்மிணி, மூஞ்சியப் பாக்கவே முடியல, கூட்டிட்டுப் போயிருங்கன்னு அழுதே?"

"ஆமாங்கண்ணா. இப்பவும் பாக்க முடியலைங்க. ஆனா அவன் கடைசியா சோறு வெச்சது அதுக்குத்தான். எனக்கில்ல. உங்க மாப்ளைக்கில்ல. அதை உங்க சாக்குல கட்டி அனுப்ப மாட்டேன்."

தங்கமுத்து ஆட்களைப் பார்த்து, "சாக்கை வண்டியில போடுங்கடா" என்றார். காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார். வசந்தா ஈரத்துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தாள்.

ஜூலை 16, புதன்

காலையில் குடோனுக்கு லீவு சொன்னேன். நகத்தைச் சுற்றி வீக்கம் அதிகமாகிவிட்டது. நாளை மறுநாள் மயக்க மருந்துக்கு டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறார்.

கூடத்தில் பாய் விரித்து வசந்தா காலை நீட்டி உட்கார்ந்தாள். சுக்கு வந்து அவள் தொடைமேல் தாடையை வைத்துப் படுத்தது. அவள் தோளிலிருந்து தடவிக்கொண்டே கீழே வந்தாள். முழங்கை. மணிக்கட்டு. பாதம். ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். எந்தக் கடைக்குப் போனோம், கத்தரிக்காய் எப்படி இருந்தது, புஷ்பா சாமான்களை எப்போது ஏற்றுகிறாள் என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து சேமியாவை நறுக்கிக்கொண்டிருந்தேன். டக். ஈரல். டக். ஈரல்.

இரண்டு தடவை காலை இழுத்துக்கொண்டது. இரண்டு தடவையும் வசந்தா கையைத் திறந்துவிட்டாள். மூன்றாவது தடவை, அவள் கேட்காமலே, பாதம் அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வலது கையைக் காயம் இன்னும் மடக்கவிடவில்லை. இடது கையால் நகவெட்டியைக் கொண்டுபோனேன்.

டக்.

சுக்கு என் கையைப் பார்த்தது. ஈரலுக்காக. அவ்வளவுதான்.

வளைந்த நகத்துண்டு பாயில் விழுந்தது. அதன் நுனியில் கொஞ்சம் சீழ். களிம்பு தடவினேன். வசந்தா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள், காலை மட்டும் அசைக்காமல். நாய் அவள் மடியிலிருந்து எழவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். இனி மயக்க மருந்து வேண்டியதில்லை என்றார்.

நாயைப் பற்றிய விவரம் முடிந்தது. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதுவரை எங்கேயும் எழுதாதது. இந்த வருடம் தை மாதம், நாங்கள் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தபோது, எங்கள் மகன் சிபி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். வயது இருபத்தாறு. மாரடைப்பு இல்லை. அவன் வெளியூரிலும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

வீக்கம் வடிந்துவிட்டது. கால் ஊன்றி நடக்கிறது. தங்கமுத்து போன் செய்து, "நாயி எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். புஷ்பலதா சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். வசந்தா அவரைக் கட்டிப்பிடித்து, "உம்மேல தப்பில்ல கண்ணு, நாந்தான் விடுன்னு சொன்னேன்" என்றாள். அந்தப் பெண் இன்னும் அதிகமாக அழுதது.

மத்தியானம் வெயில் தாழ்ந்த பிறகு வலது காலுக்கு உட்கார்ந்தோம். கட்டைவிரல் நகத்தை வெட்டினோம். பக்கத்து நகம் ஒன்றையும் வெட்டினோம். வெளியே யார் வீட்டிலோ ஆடி முதல் ஞாயிறுக்குக் கூழ் காய்ச்சுகிற வாசனை. வசந்தா நாயின் காதை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க."

"சொல்லு."

"ஏன்னு உங்களுக்காச்சும் தெரியுமா?"

என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இந்த ஆறு மாதமும் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், நாங்கள் இருவரும் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த கேள்வி அது. நான் மூன்று மாதம் அவன் கம்ப்யூட்டரைத் திறந்து திறந்து பார்த்தேன். அவன் ஆபீஸ் பையன்களிடம் கேட்டேன். அவன் சட்டைப் பைகளைத் தடவிப் பார்த்தேன். அவளும் எனக்குத் தெரியாமல் அதே பைகளைத் தடவியிருப்பாள். ஒருவருக்குத் தெரிந்து மற்றவர் மறைக்கிறாரோ என்று இருவருமே நினைத்திருக்கிறோம் போல.

"தெரியல வசந்தா. எனக்கும் தெரியல."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொன்னது நிஜம் என்று கண்டுகொண்ட மாதிரி மெல்லத் தலையசைத்தாள். சுக்குவின் காலை மடியில் சரியாக எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த நகத்தின்மேல் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "இதையும் பாருங்க" என்றாள்.